வளரும் ஆமையின் ஓடு ஏன் மெத்தென்று இருக்கிறது?

கேள்வி: இரண்டு வருடத்துக்கு முன் மகளின் பிறந்தநாளுக்கு, யாழ்ப்பாண நகரில் மீன் விற்கும் கடையொன்றில் ஒரு ஆமைக்குஞ்சு வாங்கிக் கொடுத்தோம். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ளது. அப்போது பத்து ரூபாக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிது. இப்போது உள்ளங்கை அளவு. ஹோலில் யன்னலோரம் கண்ணாடித் தொட்டியில் வைத்திருக்கிறோம், வெயில் நன்றாகப் படும். சில மாதங்களாக ஓட்டிலிருந்து மெல்லிய தோல் போல ஏதோ உரிகிறது. வெள்ளை வெள்ளையாகப் படையும் தெரிகிறது. ஓட்டின் ஓரத்தை அமத்தினால் மெத்தென்று இருக்கிறது, பின்பக்கம் மேல்நோக்கி வளைந்தும் வருகிறது. காய்ந்த இறாலைத் தவிர வேறெதையும் விரும்பிச் சாப்பிடாது. அம்மா தினமும் தேங்காய் எண்ணெய் பூசுகிறார். வளர்ந்ததும் பழைய ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போடும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். பெரிதானால் ஆரியகுளத்தில் விட்டுவிடலாம் என்கிறார் கணவர். மகள் அழுகிறாள். என்ன செய்வது?
— ஒரு தாய், கோண்டாவில்

பதில்: நீங்கள் எழுதியவற்றில் ஒன்றுதான் அவசரமானது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டின் ஓரம் மெத்தென்று இருப்பது. முட்டையிலிருந்து வந்து சில வாரங்களே ஆன குஞ்சின் ஓடு கொஞ்சம் நெகிழ்வாக இருக்கலாம். இரண்டு வயது ஆமையின் ஓடு அப்படி இருக்கக்கூடாது, விரலால் அமத்தினால் அசையவே கூடாது. உங்கள் ஆமைக்கு எலும்பு இளகும் நோய் தொடங்கியிருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். உடலில் கல்சியம் போதாமல் போனாலோ, இருக்கும் கல்சியத்தை உடல் எடுத்துக்கொள்ள முடியாமல் போனாலோ இது வரும். இந்தக் கட்டத்தில் திருத்தலாம். கால் நடுங்குவது, நடக்கும்போது வயிற்றை இழுப்பது, கீழ்த்தாடை இறப்பர் போல வளைவது என்று ஏதாவது கண்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் இந்த வாரத்துக்குள் ஒருமுறை காட்டுங்கள்.

ஓடு என்பது ஆமை போட்டிருக்கும் ஒரு மூடி என்ற எண்ணத்தில்தான் பல வீடுகளில் பிழை தொடங்குகிறது. அது ஆமையின் எலும்புக்கூடு. முதுகெலும்பும் விலா எலும்புகளும் மேலோட்டோடு ஒன்றாகச் சேர்ந்து வளர்ந்திருக்கின்றன. ஏறக்குறைய அறுபது எலும்புத் துண்டுகள் பொருந்தித்தான் மேலோடும் கீழோடும் ஆகின்றன. இரத்தம் ஓடும், நரம்பு உண்டு, தொட்டால் ஆமைக்குத் தெரியும், காயம் பட்டால் வலிக்கும். அந்த எலும்புக்கு மேலே நம் நகம் எதனால் ஆனதோ அதே கெரட்டினாலான தகடுகள் மூடியிருக்கின்றன. மேலோட்டின் நடுவில் பெரிதாகத் தெரிபவை 13: நடுவரிசையில் 5, இரண்டு பக்கமும் நான்கு நான்காக 8. விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் தகடுகள் இருக்கும். உங்கள் மகளிடம் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள், அவளுக்குப் பிடிக்கும்.

ஆகவே ஓட்டைக் கழற்றிவிட்டுப் புது ஓடு போடுவது நடக்காத காரியம். ஆமை வளரும்போது உள்ளிருக்கும் எலும்பு ஓரங்களில் வளர்ந்து விரிகிறது. அதற்கேற்ப ஒவ்வொரு தகட்டுக்கும் அடியில் அதைவிடக் கொஞ்சம் பெரிய புதுத் தகடு உருவாகிறது. உங்கள் ஆமை போன்ற நீராமைகளில் மேலிருக்கும் பழைய தகடு மெல்லிய கண்ணாடித்தாள் போலக் கழன்று விழும். நீங்கள் பார்த்த உரிதல் பெரும்பாலும் இதுதான். உரிந்தது மெல்லியதாகவும், ஒளி ஊடுருவுவதாகவும், தகட்டின் வடிவத்திலேயேயும் இருந்து, அடியில் இருக்கும் ஓடு கெட்டியாகவும் சுத்தமாகவும் இருந்தால் கவலையே வேண்டாம். அது வளர்ச்சி. விரலாலோ கரண்டியாலோ கிளப்பி எடுக்காதீர்கள். நேரம் வராத தகட்டைப் பிடுங்கினால் அடியில் இருக்கும் உயிருள்ள படை கிழிந்து கிருமி உள்ளே போகும்.

பழைய தகடு விழாமல் ஒன்றன் மேல் ஒன்றாகத் தங்கி ஓடு தடித்துப்போவதும் உண்டு. ஆமை ஏறிக் காய இடமில்லாமல் நாள் முழுவதும் தண்ணீரிலேயே கிடப்பது, அளவுக்கு மிஞ்சிய தீனி, அழுக்குத் தண்ணீர், இந்த மூன்றும்தான் வழக்கமான காரணங்கள். உங்கள் தொட்டியில் ஏறி இருக்க ஒரு கல்லோ பலகையோ இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டால் இன்றே வையுங்கள். உடம்பு முழுவதும் தண்ணீருக்கு வெளியே வந்து, வயிற்றோடு உட்படக் காயக்கூடியதாக இருக்க வேண்டும். தண்ணீரிலும் வாழும் ஆமைக்குத் தினமும் முழுதாகக் காய்வது உணவு போலவே அவசியம். ஓட்டில் பாசியும் பூஞ்சணமும் பிடிக்காமல் இருக்க அதுதான் முதல் வழி.

வெள்ளைப் படைக்கு வருகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல். நம் கிணற்றுத் தண்ணீர் கொதிக்கும் கேத்தலுக்குள் வெள்ளையாகப் படிவதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஆமை தண்ணீரிலிருந்து ஏறிக் காயும்போது அதே சுண்ணாம்பு ஓட்டிலும் படியும். சோதிப்பது எளிது: ஆமையை நனைத்துப் பாருங்கள். நனைந்தவுடன் வெள்ளை மறைந்து, காய்ந்ததும் திரும்ப வந்தால் அது உப்புப் படிவு, நோயில்லை. பழைய மென்மையான பல்தூரிகையால், வெறும் தண்ணீர் விட்டு, வாரம் ஒருமுறை மெதுவாகத் தேய்த்தால் போதும். மாரியில் கூரைத் தண்ணீரைப் பிடித்துவைத்து, கிணற்றுத் தண்ணீரோடு கலந்து தொட்டிக்கு விட்டால் படிவு நன்றாகக் குறையும். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போகும்படி ஒரு நாள் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

நனைந்தாலும் மறையாத வெள்ளை, பஞ்சு போன்ற படை, குழி விழுதல், தகட்டுக்கு அடியில் திரவம், கெட்ட மணம், கீழோட்டில் சிவப்புத் திட்டு: இவற்றில் எது இருந்தாலும் அது ஓட்டு அழுகலாக இருக்கலாம். மேலே சிறிய புள்ளியாகத் தெரிந்துகொண்டு, உள்ளே எலும்பு வரை போய், அங்கிருந்து இரத்தத்தில் கலந்துவிடக்கூடியது. வைத்தியரிடம் போகும்வரை ஆமையைச் சுத்தமான துணி விரித்த பெட்டியில் காய்ந்த நிலையில் வையுங்கள். தண்ணீர் குடிக்கவும் உண்ணவும் நாளுக்கு ஒருமுறை கொஞ்ச நேரம் தண்ணீரில் விட்டால் போதும். பொவிடோன் அயடினை வெறும் தேநீர் நிறம் வருமளவுக்குத் தண்ணீரில் கலந்து அந்த இடத்தைத் துடைக்கலாம். வீட்டுக்குப் பாவிக்கும் கிருமிநாசினி எதுவும் வேண்டாம்.

இனி முக்கியமான விடயம், வெயில். "யன்னலோரம் நன்றாக வெயில் படும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வெளிச்சமும் சூடும் கண்ணாடிக்குள்ளால் வரும், ஆமைக்குத் தேவையான புறஊதா-பி கதிர் வராது. சாதாரண யன்னல் கண்ணாடியே அதைத் தடுத்துவிடும், பிறகு தொட்டியின் கண்ணாடி வேறு. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் விற்றமின் டி3 உருவாகும், அது இருந்தால்தான் குடல் கல்சியத்தை உள்ளே எடுக்கும். வருடம் முழுவதும் சூரியன் கொட்டிக் கொடுக்கும் யாழ்ப்பாணத்தில் ஓர் ஆமை வெயில் இல்லாமல் எலும்பு இளகிப்போவது என்னை உண்மையில் வருத்துகிறது. இது முழுக்கத் தடுக்கக்கூடிய நோய்.

வளவில் ஓர் அகலமான பிளாஸ்ரிக் பேசின் எடுங்கள். ஓடு மூழ்கும் அளவுக்குத் தண்ணீர், ஏறி இருக்க ஒரு செங்கல், பேசினின் பாதிக்கு மேலே ஒரு கிடுகு. காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் அரை மணி நேரம், வாரத்தில் முடிந்த அளவு நாட்கள். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகும் விடலாம். நிழல் கட்டாயம் வேண்டும், எப்போது போதும் என்பதை ஆமைதான் தீர்மானிக்க வேண்டும். சித்திரை வெயிலில் பேசின் தண்ணீர் விரைவில் சூடேறிவிடும், அடிக்கடி கைவைத்துப் பாருங்கள். கண்ணாடித் தொட்டியை மட்டும் ஒருபோதும் வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே ஆமை வெந்துவிடும். மேலே ஒரு வலை போடுங்கள். காகம், பூனை, கீரி, நாய் எல்லாம் வரும், ஆமை நினைப்பதை விட வேகமாக ஏறித் தப்பியும் ஓடும். பக்கத்தில் ஒருவர் இருப்பது நல்லது. பாடசாலை இல்லாத நாட்களில் மகள் இருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பல நாள் வெளியே விட முடியாது. அப்போது புறஊதா-பி தரும் ஊர்வனவற்றுக்கான மின்குமிழ் உதவும். வெறும் சூட்டு மின்குமிழ் இந்த வேலையைச் செய்யாது, வாங்கும்போது பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். மின்குமிழுக்கும் ஆமைக்கும் இடையில் கண்ணாடி இருக்கக்கூடாது. வெளிச்சம் மங்காவிட்டாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் அந்தக் கதிர் குறைந்துவிடும், மாற்ற வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் கருவி நமக்குத் தேவையில்லை. 24 முதல் 28 பாகை வரை இதற்குப் போதும், நம் வீட்டு நிழலிலேயே அது கிடைக்கும்.

சாப்பாடு. காய்ந்த இறால் ஆமைக்கு மிக்சர் மாதிரி. ஆசையாகத் தின்னும், அதை மட்டும் தின்று வளர முடியாது. இறைச்சியும் மீன் சதையும் மட்டும் கொடுத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் சதையில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. உணவில் கல்சியம் பொஸ்பரஸை விட இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடல் எலும்பிலிருந்து கல்சியத்தை உருவத் தொடங்கும், ஆமையில் அது முதலில் ஓட்டில் தெரியும்.

குஞ்சாக இருக்கும்போது இந்த இனம் பூச்சி, மீன் என்று தேடித் தின்னும். வளர வளர இலை தழைக்கு மாறும். எனவே இப்போதிலிருந்தே பழக்குங்கள். நீராமைக்கென்று விற்கும் நல்ல உருண்டைத் தீனி அதன் தலையின் அளவுக்கு மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கங்குன் தினமும் மிதக்க விடலாம். முருங்கை இலையில் கல்சியம் நிறைய உண்டு, வளவிலேயே நிற்கும். பசளியும் முளைக்கீரையும் எப்போதாவது கொஞ்சம் பரவாயில்லை. அவற்றிலிருக்கும் ஒக்சலேற் கல்சியத்தைப் பிடித்துவைத்துவிடும் என்பதால் தினமும் வேண்டாம். பூசணி, கரட் துருவல் நல்லது. காய்ந்த இறாலிலேயே வாழும் ஆமைகளுக்கு விற்றமின் ஏ குறைந்து கண் இமை வீங்கி மூடிக்கொள்வதை நான் அடிக்கடி பார்க்கிறேன். வாரம் ஒருமுறை முள்ளோடு ஒரு சிறிய நன்னீர் மீன் முழுதாகக் கொடுக்கலாம். கருவாடு, பாண், சோறு எதுவும் வேண்டாம்.

பழகிய ஆமை முதலில் முரண்டு பிடிக்கும். இறாலை ஊறவைத்த தண்ணீரில் உருண்டைத் தீனியை நனைத்துக் கொடுங்கள். காலையில் பசியோடு இருக்கும்போது இலையை மட்டும் போட்டு, மீதியைப் பின்னேரம் பார்த்துக்கொள்ளலாம். மகள் இரங்கி இறாலைப் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் உங்களுக்குக் கடினமான பகுதியாக இருக்கும்.

கல்சியத்துக்கு நம் ஊரில் காசில்லாமல் கிடைக்கும் அருமையான பொருள் ஒன்று இருக்கிறது. கணவாய் ஓடு. கணவாய் கழுவும் நாளில் அதை எறியாதீர்கள், கடற்கரையில் ஒதுங்கியதையும் பொறுக்கலாம். ஒரு வாரம் நல்ல தண்ணீரில் ஊறவிட்டு, தண்ணீரைத் தினமும் மாற்றி உப்பை நீக்குங்கள். நன்றாக வெயிலில் காயவிட்டு, பின்னாலிருக்கும் கெட்டியான படையைச் சீவி எடுத்துவிட்டு, மெதுவான வெள்ளைத் துண்டைத் தொட்டியில் மிதக்கவிடுங்கள். ஆமை வேண்டும்போது கடித்துக்கொள்ளும். ஆனால் ஓடு ஏற்கெனவே மெத்தென்று இருக்கும் உங்கள் ஆமைக்கு இது மட்டும் போதாது. நிறையைப் பார்த்து வைத்தியர் கல்சிய மருந்தின் அளவைச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கான விற்றமின் டி சொட்டு மருந்தை நீங்களாகக் கொடுத்துவிடாதீர்கள். மிஞ்சினால் உள்ளுறுப்புகளில் கல்சியம் படிந்து ஆமை இறந்துபோகலாம்.

சரி, தேங்காய் எண்ணெய். அம்மாவின் அன்பு எனக்குப் புரிகிறது, பூசினால் ஓடு பளபளப்பதும் உண்மை. அந்தப் பளபளப்பு ஆரோக்கியம் இல்லை. எண்ணெய்ப் படையில் அழுக்கும் கிருமியும் ஒட்டும், தகடுகளின் இடுக்கில் தங்கும், தண்ணீரில் ஆடையாகப் படரும். ஓட்டின் ஆரோக்கியம் உள்ளே இருந்து வருவது, வெளியிலிருந்து பூசி அதைக் கொண்டுவர முடியாது. அம்மாவிடம் அந்த நேரத்தில் ஆமையை வெயிலுக்குக் கொண்டுபோகும் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். நகப்பூச்சு, பெயின்ற், ஒட்டுப்படம் எதுவும் ஓட்டில் கூடாது. கட்டிவைப்பதற்காக ஓட்டின் ஓரத்தில் துளை போடும் கொடுமையும் சில இடங்களில் நடக்கிறது. அது உயிருள்ள எலும்பில் துளைப்பது. யாராவது அப்படிச் செய்தால் தயவுசெய்து தடுங்கள்.

மேல்நோக்கி வளைந்துவிட்ட ஓரம் திரும்பத் தட்டையாகாது, அதை உங்களுக்கு மறைக்க விரும்பவில்லை. கெட்டியாவதற்கு வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஆகும். இனி வளரும் பகுதி ஒழுங்காக வரும்.

இந்த ஆமையின் பெயர் சிவப்புக்காது ஆமை. சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பக்கம். பெண் என்றால் ஓடு 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும், ஆண் அதைவிடச் சிறிது. நன்றாகப் பார்த்தால் முப்பது வருடம் கூட இருக்கும். கடையில் இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். தொட்டி சிறிதாக இருந்தால் ஆமையும் சிறிதாக நின்றுவிடும் என்பார்கள், நம்பாதீர்கள். சிறிதாக நிற்பது நோயினால். ஓட்டின் ஒவ்வொரு இரண்டரை சென்ரிமீற்றருக்கும் ஏறக்குறைய 40 லீற்றர் தண்ணீர் என்பது நல்ல கணக்கு. உள்ளங்கை அளவுக்கு இப்போதே 150 லீற்றர் வேண்டும். வளவில் இடமிருந்தால் ஒரு சீமெந்துத் தொட்டி கட்டுவதுதான் நீண்ட காலத்துக்குச் சரி: பாதி நிழல், ஏறிக் காய ஒரு திட்டு, பக்கத்தில் கொஞ்சம் மணல். பெண் ஆமை துணை இல்லாமலே முட்டையிடும், முட்டை ஓட்டுக்கும் கல்சியம் அதன் உடலிலிருந்தே போகும். புதுச் சீமெந்தில் உடனே விடாமல் இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி மாற்றிவிட்டு விடுங்கள்.

உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், ஆரியகுளமோ வேறெந்தக் குளமோ வேண்டாம். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் குளங்களில் கறுப்பு ஆமையும் பால் ஆமையும் வாழ்கின்றன. இது அவற்றின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் பிடித்துக்கொள்ளும், நோயையும் பரப்பக்கூடும். வளர்க்க முடியாவிட்டால் வளர்க்கக்கூடிய இன்னொரு வீட்டைத் தேடுங்கள். மாறாக, உள்ளூர் ஆமைகளைப் பிடித்துவந்து வளர்க்கவும் கூடாது. நட்சத்திர ஆமை உட்பட அவை இலங்கைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. மகள் வழியில் ஒன்றைக் கண்டால் பார்த்துவிட்டு விட்டுவிட வேண்டும்.

இன்னொன்று, ஆமையின் உடலில் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு அதனால் ஒன்றும் தெரியாது, நமக்குக் கடும் வயிற்றோட்டம் வரும். இதற்காகவே அமெரிக்காவில் 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக்குஞ்சு விற்பதைத் தடை செய்தார்கள். தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், குறிப்பாக அம்மா. தொட்டியைக் குசினியில் கழுவ வேண்டாம். கிணற்றடியில் கழுவினாலும் அந்தத் தண்ணீர் கிணற்றுக்குள் போகாமல் தூரத்தில் ஊற்றுங்கள்.

வைத்தியரிடம் போகும்போது மூடியில் துளையிட்ட பெட்டியில், ஈரத்துணி விரித்து, தண்ணீர் இல்லாமல் கொண்டு போங்கள். சமையல் தராசில் நிறுத்த நிறையையும், ஓட்டின் நீளத்தையும், ஒரு வாரமாக என்ன தின்றது என்பதையும் எழுதிக்கொண்டு போனால் மருந்தின் அளவைச் சொல்ல அவருக்கு இலகு. உங்கள் பகுதி அரச கால்நடை வைத்தியப் பணிமனையில் முதலில் கேளுங்கள். எக்ஸ்றேயும் இரத்தப் பரிசோதனையும் தேவை என்று அவர் நினைத்தால் எங்கே எடுப்பது என்பதையும் அவரே சொல்வார். அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை நிறையையும் நீளத்தையும் ஒரு கொப்பியில் மகளை எழுதச் சொல்லுங்கள், மேலிருந்து ஒரு படமும் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்தும் ஓரம் மெத்தென்றே இருந்தால் அந்தக் கொப்பியோடு திரும்பக் காட்டுங்கள்.